கஞ்சிப் பானையில் பனி

கீழத்தருவையில் பனி பெய்ய ஆரம்பித்தது ஒரு சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஆறு முப்பத்தைந்துக்கு, தையல்காரி லூர்தம்மாள் வீட்டு முன்னறையில், அவளுடைய கஞ்சிப் பானையின் வாய்வழியாக. அதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது, ஏனென்றால் அப்போது அங்கே ரவிக்கை அளவு கொடுக்க வந்த மூன்று பெண்கள் இருந்தார்கள், மூன்று பேருக்கும் தும்மல் வந்தது. சந்தேகமெல்லாம் ஒரே ஒரு ஆளுக்குத்தான், அதுவும் பனியைப் பற்றியில்லை, அந்தப் பனி ஏன் தன் வீட்டில் பெய்யவில்லை என்பதைப் பற்றி. அந்த ஆள் எதிர்த்த வீட்டுச் சைக்கிள் கடை ஆறுமுகநயினார்.

நயினாரைப் பற்றிச் சொல்லாமல் பனியைப் பற்றிச் சொன்னால் பாவம், அவர் கோபித்துக்கொள்வார். அவரிடம் எட்டு பேண்ட் ரேடியோ ஒன்று இருந்தது, அதற்குக் கடைக் கூரையிலிருந்து ஊர்த் தண்ணீர்த் தொட்டி உச்சிவரை செம்புக் கம்பி இழுத்து ஏரியல் கட்டியிருந்தார், பத்தொன்பது வருஷமாகப் பஞ்சர் ஒட்டுகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அந்த ரேடியோவின் காதைத் திருகிக்கொண்டிருந்தார். சிற்றலை என்றால் லேசுப்பட்ட விஷயமா? எங்கோ ஒரு தேசத்தில் புறப்படுகிற பேச்சு, கடலைத் தாண்டி, மலையைத் தாண்டி, ஆகாசத்தில் போய் முட்டி, அங்கிருந்து கீழே விழுந்து, மறுபடி எழும்பி, மறுபடி முட்டி, கையும் காலும் உடைந்துபோய்த்தான் நம் வீட்டுக்கு வந்து சேரும். வந்து சேர்ந்த பேச்சு எப்படி இருந்தது என்று அந்த நிலையத்துக்கு எழுதிப் போடுவதற்கென்றே உலகம் முழுக்க நேயர்கள் இருக்கிறார்கள், அதற்கு ஐந்து எண் இருக்கிறது: பேச்சு எவ்வளவு பலமாக வந்தது, பக்கத்து நிலையம் எவ்வளவு குறுக்கிட்டது, இரைச்சல் எவ்வளவு, ஏறி இறங்கியது எவ்வளவு, மொத்தத்தில் எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண் போட வேண்டும். நயினார் வாராவாரம் போட்டார். மூன்று போடுவார், நான்கு போடுவார், மழை நாளில் இரண்டு போடுவார். ஐந்து ஐந்தும் போட்டதே கிடையாது. "அஞ்சு அஞ்சும் போடணும்னா அந்தக் குமுதவல்லி என் கடைக்கே வந்து ஸ்டூல்ல உக்காந்து பேசணும்" என்பார்.

குமுதவல்லி என்பது வடக்கே பனிநாட்டு வானொலியின் தமிழ் ஒலிபரப்பில் பேசுகிற வெள்ளைக்காரப் பெண் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர். தினமும் ஆறரை மணிக்கு வருவாள், வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நேயர் கடிதம் படிப்பாள். நயினார் கடிதத்தைப் படித்தாளானால் அந்த வாரம் முழுக்க அவருக்குக் கால் தரையில் பாவாது. கடையில் இருப்பவர்களை எல்லாம் வாயில் விரல் வைத்து அடக்கிவிட்டு, உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிடுவார்.

"ஏளா சத்தி, ஓடியா, ஓடியா! இந்தா இப்பச் சொன்னா பாரு, என் பேர!"

பிரம்மசக்தி காலை நான்கு மணிக்கு உப்பளத்துக்குப் போய் மத்தியானம் வரைக்கும் உப்பு வாரிவிட்டு வருகிறவள். பாதம் இரண்டும் வெடித்துப் பிளந்து, வெடிப்புக்குள் உப்பு இறங்கி, சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் வீட்டுக்குள் நடப்பாள். அப்படி நடந்து வந்து ரேடியோ பக்கத்தில் காதை வைத்துவிட்டு, "சட்டியில கடுகு வெடிக்கிற சத்தம்தான் எனக்குக் கேக்குது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிடுவாள். பத்தொன்பது வருஷம் இதே கதைதான்.

இதற்கு நடுவில்தான் லூர்தம்மாள் வந்தாள். அவள் புருஷன் தோணியில் சரக்கு ஏற்றிப் போய்வந்தவன், ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கிய சின்ன ரேடியோ ஒன்றை விட்டுவிட்டு இறந்துபோனான். சிற்றலைக்கு இரண்டே பேண்ட், உள்ளங்கையில் அடங்குகிற சைஸ். அதைத் தூக்கிக்கொண்டு அவள் தெருவைத் தாண்டி வந்தாள்.

"அண்ணாச்சி, இது எப்பப் பாத்தாலும் இருமிக்கிட்டே கெடக்கு. என்னன்னு பாருங்களேன்."

நயினார் அதைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தார். அப்போது சிரித்த சிரிப்பை நினைத்து அப்புறம் எத்தனை தடவை வயிறெரிந்தார் என்பதற்குக் கணக்கே கிடையாது.

"உள்ள ஸ்பீக்கர் கிழிஞ்சு போச்சும்மா. வெளிய ஒரு ஸ்பீக்கர் மாட்டிக்கோ. டீக்கடையில வைக்கான்லா, அந்த மாதிரி ஒரு மண்பானை வாயில வச்சேன்னா சத்தம் கனமா வரும்."

உடைத்துப் போட்ட மினிபஸ்ஸிலிருந்து எடுத்த ஸ்பீக்கர் ஒன்று அவர் கடையிலேயே கிடந்தது. தூசியைத் தட்டி, அவரே வயர் வைத்து, அவர் கையாலேயே பற்றவைத்து, நுனியில் ஜாக் மாட்டிக் கொடுத்தார், எப்படிப் போட வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தார். "நல்லாக் கேட்டுக்கோ. இந்த ஜாக்கச் சொருகிட்டேன்னா ரேடியோவோட சொந்த வாய் மூடிரும். அப்புறம் அது ஒரு வார்த்தை பேசாது. பேச்செல்லாம் பானைக்குப் போயிரும்."

லூர்தம்மாள் புதுப்பானை வாங்கவில்லை. பக்கவாட்டில் கீறல் விட்டு, சிமெண்டு பூசி ஓரமாக வைத்திருந்த பழைய கஞ்சிப் பானையை எடுத்துக் கழுவி, அதன் வாயில் ஸ்பீக்கரை ஒருக்களித்து வைத்து, ஜாக்கைச் சொருகினாள். அவ்வளவுதான் அவள் செய்தது. குமுதவல்லி பேசினாள், கடுகு வெடிக்கவில்லை, இருமல் இல்லை, பக்கத்து நிலையத்துக்காரன் குறுக்கே வரவில்லை, எச்சில் விழுங்குகிற சத்தம்கூடக் கேட்டது. "அன்பு நெஞ்சங்களே, இங்கே வெளியே இப்போது பனி பெய்துகொண்டிருக்கிறது" என்று அவள் சொல்லி முடிக்கவில்லை, பானையின் வாயிலிருந்து பொலபொலவென்று வெள்ளையாகக் கொட்ட ஆரம்பித்துவிட்டது.

முதலில் வந்து பார்த்தவர் உப்பள முதலாளி. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பில்ல" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போய்விட்டார். முதலாளியே உப்பில்லை என்று சொன்ன பிறகு ஊருக்கு என்ன பயம்? அடுத்த நாள் மீன்காரிகள் விற்காத சீலா மீனைக் கூடையோடு கொண்டுவந்து பானைக்கு முன்னால் வைத்தார்கள், அதற்கடுத்த நாள் உப்பளத்துப் பெண்கள் வந்து வெடித்த காலைப் பனிக்குள் புதைத்துக்கொண்டு "யம்மா" என்று கண்ணை மூடினார்கள், மூன்றாம் நாள் மீனுக்கும் காலுக்கும் சண்டை வந்தது. ஆறரையிலிருந்து ஏழேகால்வரை கால், ஏழேகாலுக்கு மேல் மீன் என்று லூர்தம்மாள் தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே தீர்ப்புச் சொன்னாள். செருப்போடு வரக் கூடாது, ஆம்பளைகள் சாக்கடைக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும், கைப்பிள்ளைகளுக்குத் தலையில் துணி கட்ட வேண்டும் என்று விதிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஆஸ்பத்திரி கம்பவுண்டர் மருந்துச் சீட்டிலேயே "பத்து நிமிஷம் பனி" என்று எழுத ஆரம்பித்தார்.

பனியோடு நின்றதா என்றால் இல்லை. மத்தியானம் மூன்று மணிக்குப் பாலைவன நிலையம் ஒன்று வரும், அப்போது பானையிலிருந்து அனல்காற்று அடிக்கும். அடைமழைக் காலத்தில்கூட லூர்தம்மாள் வீட்டில் மிளகாயும் கூழ்வற்றலும் அரை மணி நேரத்தில் மொறுமொறுவென்று காய்ந்தன. வெள்ளிக்கிழமை குமுதவல்லி நேயர் கடிதம் படிக்கும்போது யார் எழுதினார்களோ அவர்கள் வீட்டுக் காற்று வரும். மலையிலிருந்து ஒருவர் எழுதியிருந்தால் தைல மர வாசம் வரும், அன்றைக்குச் சளிப் பிடித்தவர்களெல்லாம் முன்வரிசையில் உட்காருவார்கள். மதுரைப் பக்கம் ஒரு பூக்காரி எழுதினால் அறையெல்லாம் மல்லிகை மணக்கும். ஒரு தடவை லூர்தம்மாள் ஏதோ சண்டை நடக்கிற நாட்டு நிலையத்தைத் தெரியாமல் திருப்பிவிட்டாள், பானையிலிருந்து கந்தகப் புகையும் சின்னப் பிள்ளைகள் அழுகிற சூடும் வந்தது. பானை வாயில் ஈரத்துணியைப் போட்டு மூடிவிட்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தாள், அன்றைக்கு யாரும் மீன் கொண்டுவரவில்லை.

இதையெல்லாம் நயினார் எதிரே பஞ்சர் ஒட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஸ்பீக்கர் நான் குடுத்தது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். "அப்படியா அண்ணாச்சி" என்றார்கள். "பத்தவச்சதும் நாந்தான்" என்றார். "சரி அண்ணாச்சி, காத்தடிச்சாச்சா?" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு பனி பார்க்கப் போனார்கள். அவர் ஆரம்பித்த கீழத்தருவை சிற்றலை நேயர் மன்றத்தில் ஏழு உறுப்பினர்கள் இருந்தார்கள். மாதக் கூட்டத்தன்று அவர் ஏழு டீ சொல்லிவிட்டுக் காத்திருந்தார், ஏழு பேரும் சாக்கடைக்கு அந்தப் பக்கம் நின்று குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தது இங்கிருந்தே தெரிந்தது. ஏழு டீயையும் அவரே குடித்தார்.

பொறாமை என்றால் இப்படி அப்படிப் பொறாமை இல்லை. சோறு இறங்கவில்லை. தூத்துக்குடி போய்ப் பழைய சாமான் கடையில் பெரிய ஸ்பீக்கராகப் பார்த்து வாங்கிவந்தார், பெரிய பானை வாங்கி அதில் வைத்தார். கடோத்கஜன் தொண்டையைக் கனைத்த மாதிரி சத்தம் வந்தது, ஒரு தும்மலுக்கான குளிர்கூட வரவில்லை. தகரப் பீப்பாயில் வைத்தார், பிளாஸ்டிக் குடத்தில் வைத்தார், பிரம்மசக்தி அம்மா வீட்டுச் சீராகக் கொண்டுவந்த பித்தளை அண்டாவில் வைத்தார். அண்டாவில் கோயில் மணிபோலக் கேட்டது. பானையில் கீறல் இருந்தால்தான் வருமோ என்று சுத்தியலால் லேசாகத் தட்டினார், பானை இரண்டாகப் போனது.

இதையும் தாங்கியிருப்பார். தாங்க முடியாமல் போனது பிரம்மசக்தி அங்கே போக ஆரம்பித்தபோதுதான்.

பத்தொன்பது வருஷம் இந்தக் கடையில் ரேடியோ பாடியது. அவர் பக்கத்தில் வந்து அவள் ஒரு பாட்டு முழுசாகக் கேட்டதில்லை. அதே பிரம்மசக்தி ஆறேகாலுக்கே முகம் கழுவி, தலை வாரி, தெருவைத் தாண்டிப் போகிறாள். ஏழரைக்குக் கொண்டையில் பனித்தூளும் முகத்தில் சிரிப்புமாக வருகிறாள். சுவரைப் பிடிக்காமல் நடக்கிறாள். சோறு போடும்போது அவளிடமிருந்து ஏதோ தெரியாத காட்டு மர வாசம் வருகிறது.

"சளி பிடிக்கும்" என்றார் நயினார்.

"பிடிக்கல" என்றாள்.

"அப்படி என்னதான் இருக்கு அங்க? நம்ம வீட்டுல இல்லாத ரேடியோவா?"

"நீங்களும் ஒரு நாளு வாங்களேன். வந்து பாத்தாத்தான தெரியும்?"

"நான் எதுக்கு வரணும்? ரெண்டு பேண்ட் டப்பாவக் கேக்கதுக்கு எட்டு பேண்ட் வச்சிருக்கவன் வரணுமா?" என்று சொல்லிவிட்டுச் சோற்றில் கையை உதறினார். அன்றைக்கு ராத்திரி அல்ல, மறுநாள் காலை, பட்டப்பகலில், நல்ல தெளிவான புத்தியோடு, அந்த வேலையைச் செய்தார்.

கணக்கு இதுதான். ஒரு அலைவரிசை நன்றாகக் கேட்கவில்லை என்று நம்பிக்கையான நேயர் எழுதினால் நிலையத்துக்காரர்கள் வேறு அலைவரிசைக்கு மாறுவார்கள். மாறினால் லூர்தம்மாளின் இரண்டு பேண்டுக்கு அது எட்டாது. தன் எட்டு பேண்டுக்கு எங்கே மாறினாலும் எட்டும். அப்புறம் குமுதவல்லியைக் கேட்க வேண்டுமென்றால் ஊரே இந்தக் கடைக்குத்தான் வந்தாக வேண்டும், பிரம்மசக்தியும் பக்கத்தில் உட்கார்ந்தாக வேண்டும். வான்கடிதத் தாளில் ஐந்து எண்ணும் எழுதினார்: ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று. கீழே, "எங்கள் ஊரில் தங்கள் ஒலிபரப்பு அறவே கேட்பதில்லை, கேட்பாரும் இல்லை" என்று எழுதினார். அது பொய் எழுதிப் பழக்கமில்லாத கை. அந்தக் கை பத்தொன்பது வருஷப் பழக்கத்தில் உறைமேல் என்ன எழுதுமோ அதையே எழுதியது. எண் போட்ட தாளைப் பொறியாளர் பிரிவுக்கு அனுப்ப வேண்டும் என்று அவர் புத்திக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. கை, "நேயர் கடிதப் பகுதி, அன்புச் சகோதரி குமுதவல்லி அவர்களுக்கு" என்று எழுதி, தபால் பெட்டியிலும் போட்டுவிட்டது.

ஒரு வாரம் போனது, மூன்று வாரம் போனது, ஒன்றும் நடக்கவில்லை. பனி பெய்தபடி இருந்தது. கடிதம் கடலில் விழுந்திருக்கும் என்று நயினார் நினைத்துக்கொண்டார், நினைக்க நினைக்க அவருக்கே லேசாக இருந்தது. ஆறாவது வாரம் வெள்ளிக்கிழமை பிரம்மசக்தி தலை வாரிக்கொண்டே, கண்ணாடியைப் பார்த்தபடி, "வாங்களேன். என்ன கொறஞ்சு போயிருவிய?" என்றாள். கேட்ட விதம் நன்றாக இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சாக்கடைக்கு அந்தப் பக்கம் நிற்கப் போனவரை லூர்தம்மாள் விடவில்லை. "ஸ்பீக்கர் குடுத்த ஆளு, உள்ள வாங்க அண்ணாச்சி" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள், அதைக் கேட்கத்தானே அவர் இத்தனை நாள் காத்திருந்தார்! பிரம்மசக்தி பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைப் பனிக்குள் வைத்தார். குளிர் கணுக்காலில் ஏறி, முழங்காலில் ஏறி, பத்தொன்பது வருஷமாகச் சைக்கிளுக்கு முன் குத்தவைத்து உட்கார்ந்த இடுப்புவரை ஏறியது. பனிக்கடியில் பிரம்மசக்தியின் பாதம் அவர் பாதத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. வெடிப்பு ஒன்றுகூட இல்லை, வழவழவென்று இருந்தது. நயினாருக்குக் கண் கலங்கிவிட்டது, அது குளிரினால் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள்.

அப்போதுதான் குமுதவல்லி சொன்னாள்: "அடுத்த கடிதம், தமிழ்நாடு, கீழத்தருவை, சிற்றலை நேயர் மன்றத் தலைவர் திரு. ஆறுமுகநயினார்."

அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். பிரம்மசக்தி வாயைப் பொத்திக்கொண்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். முழுப் பெயர், ஊர்ப் பெயர், மன்றத்துப் பெயர் எல்லாம் ஒரு எழுத்துத் தேயாமல் பானையிலிருந்து வந்தது. கூடவே அவர் வீட்டுக் காற்றும் வந்தது. பஞ்சர் சொலூஷன் வாசமும், தேய்ந்த டயர் வாசமும், அதற்கு அடியில் பற்றவைத்த இரும்பைத் தொட்ட மாதிரி ஒரு சூடும். குமுதவல்லி படிக்கப் படிக்க அந்தச் சூடு ஏறியது. ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று. அறவே கேட்பதில்லை, கேட்பாரும் இல்லை. காலடியில் பனி தண்ணீரானது, தண்ணீர் வெந்நீரானது, உப்பளத்துப் பெண்கள் ஒவ்வொருவராகக் காலைத் தூக்கிக்கொண்டார்கள். குமுதவல்லி தாளை மடிக்கிற சத்தம் கேட்டது. "பத்தொன்பது ஆண்டுகளாக ஒரு எண்கூடக் கூட்டி எழுதாத நேயர் இவர். இவர் சொல்லை நம்பி, வரும் ஞாயிறு முதல் பதின்மூன்று மீட்டர் அலைவரிசைக்கு மாறுகிறோம். நன்றி, நயினார் அண்ணா."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். மீன்காரி கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள், கம்பவுண்டர் போனார், மன்றத்து ஏழு பேரும் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். லூர்தம்மாள் துணியை எடுத்து அறையைத் துடைத்தாள். தெருவைத் தாண்டும்போது பிரம்மசக்தி முன்னால் நடந்தாள், வாசலில் ஏறும்போதுதான் பேசினாள்.

"பத்தொம்பது வருசமா பேரு வருது, பேரு வருதுன்னு சொன்னிய. இன்னைக்குத்தான் எனக்குத் தெளிவாக் கேட்டுச்சு."

ஞாயிற்றுக்கிழமை லூர்தம்மாள் ரேடியோவில் இஸ்ஸென்று இரைச்சல் மட்டும் வந்தது, பானையிலிருந்து ஒன்றும் வரவில்லை. எதிர்க்கடையில் எட்டு பேண்ட் ரேடியோ பதின்மூன்று மீட்டரில் குமுதவல்லியைக் கடுகு சத்தத்தோடு பேச வைத்தது. நயினார் ஸ்டூலைத் துடைத்துப் போட்டிருந்தார். யாரும் வரவில்லை. பத்து நாளில் கீழத்தருவையில் மீன் நாற ஆரம்பித்தது, மருந்துச் சீட்டுகளில் களிம்புப் பெயர் திரும்பி வந்தது. பிரம்மசக்தி சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஏளா, இங்க வந்து கொஞ்சம் கேளேன்" என்றார் ஒருநாள்.

"எனக்குக் கடுகு வெடிக்கிற சத்தம்தான் கேக்கும்" என்று சொல்லிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து பாதத்துக்கு விளக்கெண்ணெய் தடவினாள். பழைய வெடிப்பெல்லாம் வாய் திறந்திருந்தது. ஒன்றிலிருந்து ரத்தம் வடிந்து படியில் சொட்டியது. பனிக்கடியில் அவர் பாதத்தின் மேல் வந்து உட்கார்ந்த அதே பாதம். பத்தொன்பது வருஷமாக இதைப் பார்க்காமல் எந்த நாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று நயினார் தன்னையே கேட்டுக்கொண்டார்.

ரேடியோவைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போக முடியாது. தொட்டி உச்சி ஏரியலை விட்டு நகர்த்தினால் அது ஊமை. ஆனால் ஸ்பீக்கர் எங்கே இருந்தால் என்ன? கடையில் டைனமோ லைட்டுக்கு வைத்திருந்த துண்டு வயர்களையெல்லாம் எடுத்தார், சிவப்போடு நீலத்தை முறுக்கி, நீலத்தோடு மஞ்சளை முறுக்கி, நாற்பது அடிக்கு நீட்டினார், உப்பு லாரி தட்டாத உயரத்தில் தெருக்கம்பத்தில் கட்டி, அந்தப் பக்கம் லூர்தம்மாள் வீட்டு ஜன்னல் கம்பியில் கொண்டுபோய் நிறுத்தினார். லூர்தம்மாள் ஜன்னலுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வயரு பத்துமா அண்ணாச்சி?"

"பத்தும்."

"மறுபடி கடுதாசி எழுதிர மாட்டியளே?"

நயினார் வயர் நுனியைக் கம்பிக்குள்ளே நீட்டினார். அவள் அதை உள்ளே இழுத்துக்கொண்டாள். அப்படியே நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு, மழைத்தண்ணீர் பிடிக்க வைத்திருந்த அந்தக் கஞ்சிப் பானையைக் கவிழ்த்துத் துடைக்கப் போனாள்.

நயினார் கடைக்குத் திரும்பி ரேடியோவைப் போட்டார். ஆறு முப்பதுக்குக் குமுதவல்லி "அன்பு நெஞ்சங்களே" என்றாள். நயினார் ஜாக்கைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டார். பிறகு சொருகினார். ரேடியோவின் சொந்த வாய் மூடிக்கொண்டது. கடையில் ஒரு சத்தம் இல்லை. எதிர் ஜன்னலில் வெள்ளையாக ஏதோ பறந்தது, பெண்கள் ஒன்றாகக் கத்தியது தெருவைத் தாண்டி வந்தது.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். பதின்மூன்று மீட்டர் ஒரு இடத்தில் நிற்காது, நழுவிக்கொண்டே இருக்கும், ஒரு கை எப்போதும் காதைத் திருகியபடி இருக்க வேண்டும். அதனால் நயினாரால் எழுந்து பனி பார்க்கப் போக முடியாது, ஜாக் சொருகியிருப்பதால் குமுதவல்லியைக் கேட்கவும் முடியாது. ஜன்னல் வழியாகப் பிரம்மசக்தியின் கொண்டை தெரியும். அதில் விழுகிற வெள்ளை குறைந்தால் காதை ஒரு மயிரிழை இப்படித் திருப்புவார், கூடினால் கையை நிறுத்துவார். பொறாமை போய்விட்டதா என்றால், அதெல்லாம் எங்கே போகும்? அங்கே எல்லோரும் சிரிக்கும்போது எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் வயிறு எரியத்தான் செய்தது. எரிந்த வயிற்றோடுதான் திருகிக்கொண்டிருந்தார்.

அந்த மாதக் கடைசியில், ஒரு எழுத்துகூடக் காதில் விழாத ஒலிபரப்புக்கு, தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஐந்து ஐந்தும் போட்டு எழுதினார்: ஐந்து, ஐந்து, ஐந்து, ஐந்து, ஐந்து. ஆறாவது வாரம் வெள்ளிக்கிழமை எதிர்வீட்டில் திடீரென்று கைதட்டல் கேட்டது. ஏழரைக்குப் பிரம்மசக்தி கொண்டையில் பனியோடு தெருவைத் தாண்டி வந்து கடை ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"உங்க பேரு வந்துச்சு" என்றாள்.

நயினார் ஒரு நட்டை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவளைப் பார்க்காமல், "சூடு வந்துச்சா?" என்று கேட்டார்.

"வராம இருக்குமா? கொஞ்சம் சுடத்தான் செஞ்சுது" என்றாள் பிரம்மசக்தி. "பனி கரையுற அளவுக்கு இல்ல."

சொல்லிவிட்டுக் குளிர்ந்த பாதத்தைத் தூக்கி அவர் பாதத்தின் மேல் வைத்தாள்.